ஆட்டோமேட்டிக் கார் மிதித்தும் இழுக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

"மிதிக்கிறேன், வண்டி யோசிச்சுட்டுத்தான் கிளம்புது." ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் முதல் வரி பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வரி, "கியர்பாக்ஸ் போயிடுச்சாம்." கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால் செலவு லட்சத்தைத் தொடும். ஏர் ஃபில்டர் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். ஆனால் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு இரண்டு பழுதும் ஒரே மாதிரிதான் தெரியும்: மிதித்தேன், வரவில்லை. அதனால்தான் தேவையில்லாமல் கியர்பாக்ஸ் இறக்கப்படுகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி உங்கள் கண்முன்னே, மீட்டரில் இருக்கிறது. அதுதான் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் ஊசி.

## எந்த அறிகுறி என்று முதலில் பிரியுங்கள்

காலியான, நேரான சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சாலையைப் பாருங்கள். கியர் டி-யில் இருக்கட்டும். வேகம் 30 முதல் 40 கிலோமீட்டருக்குள் வந்ததும் ஆக்ஸிலரேட்டரைப் பாதி வரை அழுத்தி அப்படியே வைத்திருங்கள்.

- ஊசியும் மெதுவாக ஏறுகிறது, வண்டியும் மெதுவாக வருகிறது: அறிகுறி 4. கியர்பாக்ஸ் மேல் சந்தேகப்பட அவசரம் இல்லை.
- ஊசி சட்டென்று எகிறுகிறது, இன்ஜின் கத்துகிறது, வண்டி வரவில்லை: அறிகுறி 5. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.
- ஒவ்வொரு கியர் மாறும்போதும் இழுவை அறுந்து, தலை முன்னால் ஆடி, பிறகு இழுக்கிறது: அறிகுறி 2.
- ஸ்பீட் பிரேக்கர் போன்ற இடங்களில் வேகம் குறைத்து மீண்டும் மிதிக்கும்போது மட்டும் தாமதம்: அறிகுறி 3.
- நின்ற வண்டியில் டி (முன்னால்) அல்லது ஆர் (ரிவர்ஸ்) போட்டதும் கியர் விழ நேரமாகிறது: அறிகுறி 1.
- காலையில் நன்றாக ஓடி, சூடானதும் தகராறு: அறிகுறி 6.
- விளக்கு எரிந்து, ஒரே கியரில் மாட்டிக்கொண்டது: அறிகுறி 7.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றில் இயல்பாக நடப்பது இன்னொன்றில் பழுதாக இருக்கும். 2014இல் மாருதி செலேரியோவில் வந்து பரவியது ஏஎம்டி, அதாவது சாதாரண கிளட்சையே மோட்டார் வைத்து மிதிக்கும் அமைப்பு. இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், அதாவது ஆயில் மூலம் இன்ஜின் சக்தியைக் கடத்தும் அமைப்பு. இப்போதைய ஹோண்டா சிட்டி பெட்ரோலில் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட் வைத்து ஓடும் அமைப்பு. ஹூண்டாய், கியா டர்போ பெட்ரோல்களிலும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளிலும் இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி நிறைய உண்டு. சந்தேகமாக இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள்.

## அறிகுறி 1: டி போட்டதும் கியர் விழத் தாமதம்

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் இதை அளந்தே பார்த்துவிடலாம். சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஏசி அணைந்திருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, லீவரை நியூட்ரலிலிருந்து (N) டி-க்கு மாற்றுங்கள். மாற்றியதிலிருந்து லேசான ஒரு உதறல் தெரியும்வரை எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். டொயோட்டா பட்டறைக் கையேடுகளில் இதற்கு டி-யில் 1.2 நொடிக்குள், ஆர்-இல் 1.5 நொடிக்குள் என்று கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் டார்க் கன்வெர்ட்டர்களுக்கும் இது ஓரளவு சரியான அளவுகோல்தான். இரண்டு நொடியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஏஎம்டி-யில் பிரேக்கை விட்ட பிறகுதான் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

ஓட்டும் முறை. பார்க்கிங்கில் பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே டி-க்குத் தள்ளுவது பலருக்குப் பழக்கம். வண்டி முழுதாக நிற்கட்டும், அப்புறம் மாற்றுங்கள். பாதிப் பேருக்குத் 'தாமதம்' இங்கேயே காணாமல் போய்விடும்.

கியர் ஆயில் அளவு. முதலில் வண்டி இரவு நின்ற இடத்தில், தரையில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு ஆயில் கம்பி உள்ள வண்டி என்றால் அளவை நீங்களே பார்க்கலாம். ஆனால் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சிலவற்றில் அணைத்த உடனே பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் பார்க்கும் பழக்கத்தில் இதையும் பார்த்துவிட்டு "நிறைய இருக்கிறது" என்று சொல்வதில் பயன் இல்லை. புதிய வண்டிகள் பலவற்றில் கம்பியே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது அடியில் உள்ள திருகைத் திறந்து, வழிவதை வைத்துத்தான் அளவு தெரியும். அதற்கு லிஃப்ட்டும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரும் வேண்டும். வீட்டில் செய்யாதீர்கள்.

ஆயிலின் நிலை. டார்க் கன்வெர்ட்டர் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பாகி, கருகல் நாற்றம் அடித்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. இளஞ்சிவப்பாகப் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் மூழ்கிய சென்னை வண்டிகளைப் பழையதாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் ஏறும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், நேராக லாரியில் ஏற்றுங்கள்.

"இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று யாராவது சொன்னால், கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கான அட்டவணையைப் பாருங்கள். நம் ஊர் வெயிலும் நெரிசலும் அதில்தான் சேரும். இன்னொன்று: பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட கியர்பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வடித்து நிரப்புங்கள். ஒருமுறை வடித்தால் முழு ஆயிலும் வராது, டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து நிரப்பினால் போதும்.

கேபிள், கியர் நிலை சுவிட்ச். லீவரைத் தள்ளிய பிறகும் மீட்டரில் 'டி' தாமதமாக வருகிறதா, மின்னி மறைகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியில்தான். கேபிளைச் சரிசெய்வதும் சுவிட்ச் மாற்றுவதும் சிறிய வேலை.

மவுண்ட். கியர் விழும்போது 'டும்' என்று சத்தம் வந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். பானட்டைத் திறந்து, போனை ஓரமாக வைத்து வீடியோ போட்டுவிட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தியபடி டி-க்கும் ஆர்-க்கும் மாற்றுங்கள். இன்ஜின் எழுந்து உட்கார்ந்தால் மவுண்ட் போய்விட்டது. இந்தச் சோதனையின்போது வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

கடைசியில் உள்வேலை. ஆயில் சரி, கேபிள் சரி, மவுண்ட் சரி, ஆனாலும் தாமதம் என்றால் வால்வ் பாடி (ஆயிலை வழிநடத்தும் பாகம்), சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வ்), இறுகிப்போன சீல் என்ற வரிசையில் போகும். டி சரியாக விழுந்து ஆர் மட்டும் தாமதமானாலும் இதே கதைதான். இங்கிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஆளிடம் போங்கள்.

## அறிகுறி 2: ஏஎம்டி-யில் கியர் மாறும்போது இழுவை அறுகிறது

இந்தத் தாமதம் ஏஎம்டி-யின் பிறவிக் குணம். கிளட்சை விட்டு, கியரை மாற்றி, மீண்டும் கிளட்சைப் பிடிக்கும் வரை சக்கரத்துக்குச் சக்தி போகாது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இது நன்றாகத் தெரியும். பட்டறையில் விட்டாலும் இது போகாது. கியர் மாறப்போகும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, மாறியதும் மீண்டும் அழுத்துங்கள். மேனுவல் ஓட்டியவர்களுக்கு இது உடனே கைவரும். முந்திச் செல்ல வேண்டுமானால் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, முதலில் கியரைக் குறைத்துவிட்டுப் பிறகு மிதியுங்கள்.

முன்பு இல்லாத அளவுக்குத் தாமதம் கூடியிருந்தால்தான் பழுது. அதை இப்படிப் பாருங்கள்.

பேட்டரி. ஏஎம்டி-யில் கிளட்சும் கியரும் மின்சாரத்தை நம்பித்தான் நகர்கின்றன. இன்ஜின் பல மணி நேரம் அணைந்திருந்த பிறகு 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறதே என்று பேட்டரியை விட்டுவிடாதீர்கள். டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

பம்ப். ஹைட்ராலிக் வகை ஏஎம்டி-களில் டிரைவர் கதவைத் திறந்ததும் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அது அழுத்தம் ஏற்றும் பம்ப். அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடினாலோ அடிக்கடி தானாக ஓடினாலோ எங்கோ ஆயில் கசிகிறது அல்லது அழுத்தம் தங்கவில்லை. ஆயில் அளவு பார்க்க இதற்கும் தனி முறை உண்டு. நீங்கள் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மீதியைச் சர்வீஸ் சென்டர் பார்க்கட்டும்.

கிளட்ச் அளவு கற்றுக்கொடுத்தல். கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் இடம் மாறும். ஸ்கேனர் வைத்து அந்த இடத்தைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது சிறிய வேலைதான். கிளட்ச் மாற்றச் சொன்னால், இதைச் செய்து பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

கிளட்ச் பிளேட். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கருகல் நாற்றம், ஊசி ஏறியும் வண்டி நகர மறுப்பது, இரண்டும் இருந்தால் பிளேட் முடிந்தது. மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

## அறிகுறி 3: ஸ்பீட் பிரேக்கர் தாண்டி மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமில்லை, பிறகு பாய்கிறது

டிசிடி வண்டிகளிலும் சின்ன டர்போ இன்ஜின்களிலும் இது சகஜம். நீங்கள் நிறுத்தப்போகிறீர்கள் என்று கணினி ஒரு கணக்குப் போட்டிருக்கும். நீங்கள் திடீரென்று மிதிப்பீர்கள். அது கணக்கை மாற்றி, கியரை மாற்றி, டர்போ சுழன்று வர ஒரு நொடி ஆகும். ஈகோ மோடில் இருந்தால் இன்னும் கூடும். நார்மல் அல்லது ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி அதே ஸ்பீட் பிரேக்கரில் ஓட்டிப் பாருங்கள். தாமதம் பெரிதும் குறைந்தால் பழுது எதுவும் இல்லை.

எந்த மோடிலும் குறையவில்லை, முன்பு இப்படி இல்லை என்றால் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்வது, கியர்பாக்ஸ் கணினியில் பதிந்த பழக்கத்தை அழித்து மறுபடி கற்றுக்கொடுப்பது என்ற வரிசையில் போங்கள். பேட்டரி மாற்றிய உடனே தொடங்கியது என்றால் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் தாமாகவே பழையபடி கற்றுக்கொள்ளும்.

## அறிகுறி 4: ஊசியும் ஏறவில்லை, வண்டியும் வரவில்லை

அதிகம் வருவதும், கியர்பாக்ஸ் மேல் தவறாகப் பழி விழுவதும் இதில்தான். இன்ஜினிலிருந்தே சக்தி வரவில்லை. கியர்பாக்ஸ் பாவம், வந்ததை அப்படியே கடத்துகிறது. கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

கால்மிதி. சிரிக்க வேண்டாம். கடையில் போட்ட தடித்த மேட், அதன்மேல் இன்னொரு மேட் என்று ஆக்ஸிலரேட்டர் முழுதாக இறங்காத வண்டிகள் எத்தனையோ. இன்ஜினை அணைத்துவிட்டு, மிதியைக் கையால் அடிவரை அழுத்திப் பாருங்கள்.

இடது கால். ஆட்டோமேட்டிக்குக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர் இடது காலைப் பிரேக்மேல் வைத்தபடி ஓட்டுகிறார்கள். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் பாதுகாப்பு இப்போதைய பல கார்களில் உண்டு. பிரேக் சுவிட்ச் கெட்டு, கணினிக்கு எப்போதும் 'பிரேக் அழுந்தியிருக்கிறது' என்று தகவல் போனாலும் இதே தொல்லைதான். இரவில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரை நோக்கி நிறுத்தி, காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சுவிட்ச் மலிவான பொருள்.

பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் இறுகிப்போயிருக்கிறது.

ஏர் ஃபில்டர். கிளிப்பைத் திறந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். எலி கூடு கட்டியிருப்பதையும் இந்த இடத்தில்தான் பார்ப்போம்.

த்ராட்டில் பாடி, காற்று அளவு சென்சார். கரி படிந்த த்ராட்டில் வால்வ் மிதித்த அளவுக்குத் திறந்தும் காற்றைச் சரியாக விடாது. அதற்கான க்ளீனர் கடையில் கிடைக்கும். ஆனால் இக்னிஷன் போட்ட நிலையில் எலக்ட்ரானிக் த்ராட்டிலை விரலால் தள்ளாதீர்கள், பல் சக்கரம் உடையும். காற்று அளவு சென்சாருக்கு அதற்கென்று உள்ள ஸ்ப்ரே மட்டும்தான், துணி போட்டுத் துடைக்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் ஸ்கேனரில் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் பிளக், காயில். மிதிக்கும்போது இன்ஜின் உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் அந்த வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை பிளக் விலைபோல இருக்காது.

டீசல் என்றால். மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது ஈஜிஆர், அதாவது புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் அமைப்பின் அடைப்பு. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல்களில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. தினமும் நாலு தெரு மட்டுமே ஓடும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. அதற்கான விளக்கு எரிந்த உடனேயே புறவழிச் சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் தானாக எரித்துத் தள்ளிவிடும். விளக்கோடு வாரக்கணக்கில் ஓட்டினால் பட்டறைதான்.

இவை எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் எரிபொருள் அழுத்தம், அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், டர்போ என்று செலவு மேலே போகும். அளவெடுக்கும் கருவி இல்லாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் ஆளிடம் இந்தக் கட்டத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 5: இன்ஜின் கத்துகிறது, வண்டி வரவில்லை

உள்ளே எங்கோ வழுக்குகிறது. ஒரே ஒரு விலக்கு சிவிடி. அதில் ஊசி முதலில் ஏறி நிற்பதும் வேகம் பின்னால் வந்து சேர்வதும் இயல்பு. காலை ஒரே அளவில் வைத்திருக்கும்போதும் ஊசி துள்ளித் துள்ளி ஏறினாலோ வண்டி அதிர்ந்தாலோதான் சிவிடி-யில் வழுக்கல் என்று கொள்ளலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது கசிவும் ஆயிலும் மட்டும். சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால் பில்லை எடுத்து என்ன ஆயில் என்று பாருங்கள். சிவிடி-க்கு சிவிடி ஆயில்தான், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். அளவு குறைந்திருந்தால் சரியான ஆயிலை நிரப்பி, கசிவையும் அடையுங்கள்.

ஆயில் சரியாக இருந்தும் வழுக்கினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். வழுக்கிக்கொண்டே ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தேய்ந்த துகளை ஆயிலில் கலந்து, நன்றாக இருக்கும் பாகங்களுக்கும் அனுப்பும். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து முழுதாக அழுத்திச் சோதிக்கும் முறை ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அதைப் பயிற்சி இல்லாமல் செய்தால் சில நொடிகளில் ஆயில் கொதித்துவிடும். வேண்டாம்.

## அறிகுறி 6: சூடானால் மட்டும் தகராறு

நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகும், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ ஏறும்போதும் வரும். உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத கிளட்ச்) டிசிடி-யில் கிளட்ச் சூடேறி, மீட்டரில் எச்சரிக்கையும் வரலாம். ஓரமாக நிறுத்தி பி-யில் போட்டு, கையேடு சொல்கிறபடி ஆற விடுங்கள். இனிமேல் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல், முன்னால் கொஞ்சம் இடம் விழுந்ததும் நகருங்கள். மலையில் டி-யிலேயே விடாமல் மேனுவலில் இரண்டாவது கியரைப் பிடித்து ஏறுங்கள்.

சமதளத்தில், லேசாக ஓட்டும்போதும் சூடானால் தகராறு என்றால் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் இருக்கிறதா, ரேடியேட்டர் முன்னால் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் கியர் ஆயில் கூலரும் அங்கேதான். அது எல்லாம் சரி என்றால் ஆயில் மாற்றம், அடுத்து சாலினாய்டு.

## அறிகுறி 7: விளக்கு எரிகிறது, ஒரே கியரில் மாட்டிக்கொண்டது

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கணினி வண்டியை முடக்கியிருக்கிறது. பாதுகாப்பாக நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் நேராகப் பட்டறைக்குப் போங்கள், வீட்டுக்கு அல்ல. ஸ்கேனரில் தெரியும் கோளாறு குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பி0700 என்றால் கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது என்ற பொது அறிவிப்பு மட்டுமே. அதை வைத்துக் கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள், கூடவே வேறு குறியீடு இருக்கும். பி0715 உள்ளே சுழலும் வேகத்தைப் பார்க்கும் சென்சார் அல்லது அதன் ஒயர், ஒப்பீட்டளவில் சிறிய வேலை. பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது வழுக்கல், அறிகுறி 5. பி0741 டார்க் கன்வெர்ட்டர் பூட்டு பிடிக்கவில்லை. பி0299 டர்போ அழுத்தம் குறைவு, பி0171 இன்ஜினுக்குள் காற்று அதிகம் அல்லது எரிபொருள் குறைவு. இந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை, அறிகுறி 4க்குப் போங்கள்.

## பட்டறையில் விடும்போது

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சூடாகவா குளிராகவா, எந்த கியரில், எந்த வேகத்தில், ஊசி என்ன செய்தது என்று சொல்லுங்கள். ஊசியை எடுத்த வீடியோ இருந்தால் காட்டுங்கள். மெக்கானிக்கை அருகில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. வாரண்டி இருந்தால் வெளியில் எதையும் திறக்க விடாதீர்கள்.

வழியில் நின்றுவிட்ட ஆட்டோமேட்டிக்கை முன் சக்கரமும் பின் சக்கரமும் தரையில் உருள கயிறு கட்டி இழுக்க வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது உள்ளே ஆயில் ஓட்டம் இருக்காது. இழுத்த தூரத்திலேயே நல்ல கியர்பாக்ஸும் கெட்டுவிடும். தட்டையான மேடை உள்ள வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.